‘காபி வந்துடுச்சு’ என்றொரு பட்டன்

சாஃப்ட்வேர் தொழிலில் நான் மிகவும் பயப்படும் வார்த்தை ‘சின்ன சேஞ்ச்’. எங்கள் ஊர் அரிசி ஆலைக்காரர் ஒருவர் ஒருநாள் காலையிலேயே போன் செய்தார். “ஒண்ணுமில்ல தம்பி, சின்ன சேஞ்ச். என் கணக்கு வேற, என் தம்பி கணக்கு வேறன்னு காட்டணும்.” நேரில் போய்க் கேட்டால் அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். குடும்பம் பிரிய ஒரு நாள்தான் ஆயிற்று. சாஃப்ட்வேர் பிரிய ஒரு மாதம் ஆயிற்று.

சென்னையில் பெரிய கம்பெனியில் ப்ராஜெக்ட் மேனேஜராக இருந்தபோது வாடிக்கையாளர் கடல் தாண்டி இருந்தார். கோபம் வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு மரியாதையாக ஒரு மெயில் போடுவேன், தீர்ந்தது. ஆரணிக்குத் திரும்பி, டயர் கடை மாடியில் சொந்த ஆபீஸ் போட்டதும் அந்த வசதி போய்விட்டது. இங்கே வாடிக்கையாளர் படியேறி வந்து, என் நாற்காலியிலேயே உட்கார்ந்து, எனக்கே டீ சொல்கிறார். இப்படிப்பட்டவரிடம் எப்படிக் கோபப்படுவது? ஆனாலும் எனக்குக் கோபம் வரும். டீயைக் குடித்துவிட்டுப் படுவேன்.

ஆபீஸில் என்னையும் சேர்த்து நான்கு பேர். புரோகிராம் எழுதுவது உண்மையில் ஒருத்திதான், போளூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் ஒரு பெண். மற்ற இருவரும் அவள் எழுதியதைப் பார்த்து வியப்பார்கள். அவர்கள் வியந்ததை வாடிக்கையாளரிடம் எடுத்துச் சொல்வது என் வேலை.

ஊரில் பெயர்பெற்ற பட்டுப்புடவைக் கடைக்கு ஒரு சாஃப்ட்வேர் செய்யும் வேலை எங்களுக்குக் கிடைத்தது. ஆடி மாதம் கல்யாணமும் இல்லை, கடையில் கூட்டமும் இல்லை என்பதால் முதலாளி அப்போதே ஆரம்பிக்கச் சொன்னார். கடையில் இருக்கும் ஒவ்வொரு புடவையையும் படம் எடுத்து ஏற்றிவிட வேண்டும். நிறம், கரை, ஜரிகை, விலை எல்லாம் சொன்னால், பொருத்தமான புடவைகள் உடனே டேப்லெட்டில் வர வேண்டும். அந்த ‘உடனே’ என்ற வார்த்தையை அவரே சொன்னார். நான் சாட்சி.

அந்தப் பெண் ‘உடனே’ என்பதைத் தன்மானப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டாள். தேடும்போது திரையில் ஒரு சக்கரம் சுற்றுமே, அது தன் புரோகிராமில் யார் கண்ணிலும் படக்கூடாது என்றாள். எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். கடைசியில் விரலை எடுப்பதற்குள் புடவை வந்து நின்றது. எனக்கே கர்வம் தாங்கவில்லை. டயர் கடைக்காரரைக்கூட மாடிக்குக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, புடவை நன்றாயிருக்கிறது என்றார்.

ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு முந்தின வாரம் சாஃப்ட்வேர் கடைக்குப் போனது. மூன்றாம் நாள் முதலாளி போன் செய்தார். நான் ஓடினேன்.

கல்லாவில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

“இன்னா தம்பி, இவ்ளோ ஜல்தியா காட்டுது?”

பாராட்டுகிறார் என்று நினைத்து, “எல்லாம் எங்க பொண்ணு செஞ்சது சார்” என்றேன்.

“கல்யாண வீட்டுக்காரங்க வந்தாங்க, மெத்தையில ஒக்காந்தாங்க, பொட்டியைத் தட்டினாங்க, இதுதான்னாங்க, பில்லு போட்டுகினு போயே போய்ட்டாங்க. காபி வாங்கப் போன பையன் திரும்பி வர்றான், ஆள் இல்ல. கல்யாண ஜவுளிப்பா! ஒரே ஒரு புடவை! நாத்தனாருக்கு இல்ல, ஓரகத்திக்கு இல்ல. பேஜாராப் போச்சு.”

பிறகு தொழில் ரகசியத்தைச் சொன்னார். வந்தவர்களுக்கு முதலில் சுமாரானதைத்தான் விரிக்க வேண்டும். அவர்கள் மூக்கைச் சுளிக்க வேண்டும். அப்புறம் அதைவிடக் கொஞ்சம் நல்லது. காபி வந்து, குடித்து, காலை நீட்டி உட்கார்ந்த பிறகுதான் உள் அலமாரியைத் திறக்க வேண்டும். எங்கள் சாஃப்ட்வேர் உள் அலமாரியை வாசலிலேயே கொண்டுவந்து கொட்டிவிட்டது.

“சின்ன சேஞ்ச்தான் தம்பி. சக்கரம் ஒண்ணு சுத்துமே, அதை நல்லா சுத்த விடு. அப்புறம் ஒரு பட்டன் வையி. காபி வந்ததும் நம்ம ஆளு அதை அமுக்குவான். அதுக்கு அப்புறந்தான் நல்ல புடவை வரணும்.”

இதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு தெரு சுற்றிக்கொண்டு ஆபீஸுக்கு வந்தேன். சொன்னேன். அவள் கணினியை மூடி வைத்தாள்.

“வேகமா எழுதத்தான் எனக்குத் தெரியும். மெதுவா எழுத வேற ஆளைப் பாருங்க. இது ஜனங்களை ஏமாத்துற வேலைண்ணா.”

அதோடு இன்னொன்றும் சொன்னாள். சென்னையில் ஒரு கம்பெனி அவளை வேலைக்கு எடுத்திருக்கிறதாம். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். “இங்க ஒரு நல்ல வேலையாவது செஞ்சோம்னு இருந்தா யோசிப்பேன். இப்ப இன்னா செஞ்சேன்னு சொல்லிக்கிறது? சக்கரம் சுத்த வெச்சேன்னா?”

அவள் போய்விட்டால் மிஞ்சுவது, வியக்க ஆளில்லாத இரண்டு பேரும், எடுத்துச் சொல்ல எதுவுமில்லாத நானும். இருந்தாலும் மேனேஜர் அல்லவா? “நிதானமா யோசிம்மா” என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லிவிட்டு, கீழே போய்ப் பெட்டிக்கடையில் சோடா குடித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் ஜவுளி எடுக்க வந்தார்கள். அவளுடைய அக்காவுக்குக் கல்யாணம். அம்மா, சித்தி, மணப்பெண் மூவரும் போளூர் பஸ்ஸில் இறங்கி நேராக அதே கடைக்குத்தான் வந்தார்கள். முதலாளியின் கட்சி தவறு என்று நிரூபிக்க இதைவிட நல்ல நாள் கிடைக்காது என்று அவள் என்னையும் வரச்சொன்னாள். டேப்லெட்டை அவளே கையில் எடுத்துக்கொண்டாள்.

அக்காவுக்கு மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை வேண்டும். தட்டினாள். வந்தது. கடைப் பையன் எடுத்துவந்து விரித்தான். மணப்பெண்ணின் முகம் மலர்ந்துவிட்டது. சித்தி தடவிப் பார்த்துத் தலையாட்டினார். விலையும் நினைத்ததற்குள்தான். எங்கள் பெண் முதலாளியைப் பார்த்தாள், பார்த்தீர்களா என்பதுபோல.

“அவ்ளோதானா?” என்றார் அம்மா.

“புடிச்சிருக்கில்லம்மா?”

“புடிச்சிருக்கு. அதுக்காக? விடிகாலைல எழுந்து, தலைக்குத் தண்ணி ஊத்திகினு, பஸ்ஸுல நின்னுகினு வந்திருக்கேன். ஒக்காந்த எடம் சூடாகல, எழுந்திரிங்கிறியே. ஊர்ல நாலு பேரு எத்தினி புடவை பாத்தேன்னு கேப்பாங்க. ஒண்ணுன்னு சொல்லட்டுமா? பொண்ணு கல்யாணமா, இல்ல பூண்டு வாங்க வந்தேனா?”

அந்தப் புடவையை மடித்து ஓரமாக வைத்தார்கள். முதலாளி டேப்லெட்டை மெதுவாக அவள் கையிலிருந்து வாங்கி, மெத்தைக்கு அடியில் தள்ளிவிட்டு, கடைப் பையனுக்குக் கண் காட்டினார். அப்புறம் ஆரம்பித்தது. கத்தரிப்பூ கலர் வந்தது, அம்மா அதை வெளுப்பு என்றார். மயில் கழுத்து வந்தது, கறுப்பு என்றார். ராமர் பச்சையைத் தோளில் போட்டுப் பார்க்க வேண்டும் என்றார்கள். அக்காவின் தோளில் ஏற்கெனவே இரண்டு புடவைகள் இருந்ததால், சும்மா நிற்கிறேனே என்று என் தோளில் போட்டார்கள். முந்தானையோடு நான் நிற்க, சித்தி தள்ளி நின்று பார்த்து, “நிறம் எடுக்கல” என்றார். என்னைச் சொன்னாரா புடவையைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

காபி வந்தது. பழைய கல்யாணக் கதைகள் வந்தன. சித்தி தன் கல்யாணப் புடவையில் ஜரிகை போதாமல் மாமியார் பேசிய பேச்சைச் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். மணப்பெண் அம்மா தோளில் சாய்ந்துகொண்டு ஒவ்வொரு முந்தியாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். என் பக்கத்தில் நின்ற அவள் அந்த இருவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெத்தையே தெரியாத அளவுக்குப் பட்டு மலையாகக் குவிந்த பிறகு, அம்மா பெருமூச்சு விட்டார். ஓரமாக வைத்திருந்த அந்த மாம்பழ மஞ்சளையே எடுத்துக்கொண்டார். சித்திக்கு ஒன்று, நாத்தனாருக்கு ஒன்று.

“இப்பதான் கல்யாணக் களையே வந்திருக்கு” என்றார்.

திங்கட்கிழமை யாரும் சொல்லாமலே அவள் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். சக்கரம் சுற்றியது. ஜரிகை நிறத்தில், அழகாகவே சுற்றியது. கீழே ‘காபி வந்துடுச்சு’ என்று ஒரு பட்டன். அவசரக்காரர்களுக்காக ஓரத்தில் ‘பஸ்ஸுக்கு நேரமாச்சு’ என்று இன்னொரு பட்டனையும் அவளே வைத்தாள். அதை அமுக்கினால் பழைய வேகம். வியாழக்கிழமை முதலாளி கூப்பிட்டு, என் முதுகில் தட்டி, போளூர்ப் பொண்ணுக்கு என்று மைசூர்பாகு கொடுத்தனுப்பினார். அவளும் சிரித்துக்கொண்டே சாப்பிட்டாள். அதைப் பார்த்ததும் இனி இவள் எங்கேயும் போகமாட்டாள் என்று எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மற்ற இருவரையும் சீக்கிரம் அனுப்பிவிட்டு அவள் எதிரில் உட்கார்ந்தேன். கடை முதலாளியிடம் பாடம் கற்ற திமிர் வேறு. சுமாரானதை முதலில் விரித்தேன். சம்பளம் கொஞ்சம் கூட்டித் தருகிறேன் என்றேன். அவள் “சரிங்கண்ணா” என்றாள், அவள் அம்மா கத்தரிப்பூ கலரைப் பார்த்த அதே முகத்தோடு. நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டு அடுத்ததை எடுத்தேன். வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம், பஸ்ஸில் அலைய வேண்டாம். அதற்கும் தலையாட்டினாள். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அப்புறம்தான் உள் அலமாரியைத் திறந்தேன். “இந்தக் கம்பெனியில உனக்குப் பாதிப் பங்கும்மா. போர்டுல உன் பேரும் இருக்கும். நீ இல்லாம என்னால ஒண்ணும் முடியாது, எனக்குப் பயமா இருக்கு” என்றேன். கடைசி வாக்கியத்தைச் சொல்வதாக இல்லை. தானாக வந்துவிட்டது.

அவள் என்னையே பார்த்தாள். “இதை எப்ப முடிவு பண்ணீங்க?”

“ஆடியில” என்றேன். “நல்ல விஷயம், ஆடியில பேசக்கூடாதேன்னு...”

“காலைலயே அவங்களுக்கு வர்றேன்னு எழுதிட்டேண்ணா.” பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். “ஆடியிலயே சொல்லியிருந்தா இன்டர்வியூவுக்கே போயிருக்க மாட்டேன்.”

போளூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வண்டியை எடுத்து பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுபோய் விட்டேன்.