பதினோரு வருஷத்துக் கொக்கி

தாண்டவராயன் என்ற பெயரைக் கெங்கம்மாள் முதன்முதலில் கேட்டது, அவள் அக்கா வெள்ளையம்மாளுக்கு மாப்பிள்ளை தேடிய வருஷத்தில். காணையிலிருந்து ஒன்றுவிட்ட பெரியப்பா ஒருவர் வந்தார். அம்மாவின் சித்தி மகளைக் கட்டியவர், எந்த வீட்டில் எந்தப் பையன் என்று விரல் நுனியில் வைத்திருக்கிற மனுஷர். வெற்றிலையை மென்றபடியே சொன்னார்: "பையன் விழுப்புரம் கூட்ஸ் ஷெட்டுல மூட்டை எறக்குற ஆளு. பொழுது விடியறதுக்குள்ள கொக்கியும் கையுமா நின்னுக்கினு இருப்பான்."

பெரியப்பா ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை. நின்றுகொண்டுதான் இருந்தான். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழிந்தும் நின்றுகொண்டுதான் இருந்தான்.

கொக்கி என்பது மரப்பிடி போட்ட வளைந்த இரும்பு. கோணி மூட்டையின் மூலையில் துருத்தி நிற்கிற காதில் அதை மாட்டித்தான் வேகனிலிருந்து நெல்லையும் கோதுமையையும் இழுத்து இறக்குவார்கள். மூட்டை ஒவ்வொன்றும் நூறு கிலோ. வேகனுக்குள் ஆள் உயரத்துக்கு மேலே அடுக்கியிருக்கும். மேலே நிற்கிறவனுக்குக் கொக்கிதான் கை, கொக்கிதான் கால்.

கெங்கம்மாள் புருஷனை இழந்தபின் அதே ஷெட்டுக்குச் சிந்திய தானியம் கூட்டவும், கிழிந்த கோணி தைக்கவும் வந்து சேர்ந்தாள். அக்கா புருஷனின் உழைப்பை அப்போதுதான் கண்ணால் பார்த்தாள். வேகன் வந்து நின்றதும் மற்றவர்கள் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு ஏறுவார்கள். தாண்டவராயன் ஓரமாகப் போய் உட்காருவான். இடுப்பிலிருந்து பழைய வேட்டித் துணிச் சுருள் ஒன்றை எடுப்பான். அதைப் பச்சைக் குழந்தையைப் பிரிப்பது மாதிரிப் பிரித்து, உள்ளே இருக்கிற கொக்கிக்கு மல்லாட்டை எண்ணெய், கடலெண்ணெய்தான், இரண்டு சொட்டு விடுவான். வளைவைத் துடைப்பான். முனையைத் துடைப்பான். வெயிலில் காட்டி ஒரு கண்ணை மூடிப் பார்ப்பான். அவன் எழுந்திருப்பதற்குள் முப்பது மூட்டை இறங்கியிருக்கும்.

எழுந்தபின் வேகன் கதவோரம் நின்று "சைடு பாரு, சைடு பாரு" என்பான். மேஸ்திரியின் தலை தெரிந்தால் மட்டும், யாராவது முதுகில் சுமந்து போகிற மூட்டையின் காதில் கொக்கி நுனியை மாட்டிக்கொண்டு கூடவே நடப்பான். சாமி ஊர்வலத்தில் குடை பிடிக்கிறவன் பக்கத்தில் வருவானே, அந்த நடை. மேஸ்திரி போனதும் கொக்கி துணிக்குள் போய்விடும். இவன் டீக்கடைக்குப் போய்விடுவான்.

மற்றவர்களின் கொக்கிகள் கட்டைவிரல் தடிமன். அப்படியும் ஆறு மாதம் தாங்காது. வளைவு விரிந்துவிடும், அல்லது பிடியோடு சேருகிற கழுத்தில் முறிந்துவிடும். கெங்கம்மாளின் தம்பி கொளஞ்சிதான் அதில் மோசம். வருஷத்துக்கு மூன்றை ஒடித்துக்கொண்டு பட்டறைக்காரர் சவுரிராயனிடம் போய் நிற்பான். அவன்தான் எப்போதும் மேல் அடுக்கில் நிற்கிறவன்.

"இரும்புக்கும் உசுரு இருக்குது மச்சான்" என்று தாண்டவராயன் அவனுக்கு உபதேசம் செய்வான். "நீ பேஜாரு பண்ணா அது எத்தினி நாளைக்குத் தாங்கும்? என்னுதப் பாரு."

அவனுடையதைப் பார்த்தால் சிரிப்பு வரும். தோள்பட்டை இழுக்கிறது, லேசாக அடித்துக் கொடு என்று அவன் நச்சரித்ததில், சவுரிராயன் கிணற்று வாளிக்கு வைத்திருந்த கம்பியை வளைத்துக் கொடுத்துவிட்டார். மூட்டையைப் பிடிக்காத கொக்கிக்கு அது போதும் என்று அவருக்கும் தெரிந்திருந்தது.

எண்பத்து நாலாம் வருஷம் மாசி மாதத்தில் பட்டணத்து ஆபீஸ் ஒன்றிலிருந்து ஜீப்பில் ஆட்கள் வந்தார்கள். தானியம் இறக்குகிற கைக்கருவிகள் சீக்கிரம் பாழாகின்றன, அவற்றை நீண்ட நாள் உழைக்கும்படி செய்யப் போகிறோம் என்றார் சஃபாரி உடுப்பு போட்ட ஆபீசர். நல்ல எண்ணம்தான், அதில் குறை சொல்ல முடியாது. எல்லாரையும் வரிசையாக நிறுத்தி, இங்கே யாருடைய கொக்கி அதிக நாள் உழைத்திருக்கிறது என்று கேட்டார்.

கொளஞ்சிக்கு வாய் சும்மா இருக்காது. "எங்க மாமாவோடதுதான் சார். பதினோரு வருசம் ஆச்சி. இன்னும் மாப்ள முறுக்கு கொலையாம அப்பிடியே இருக்குது" என்றான்.

ஆட்கள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கெங்கம்மாளும் சிரித்தாள். ஆபீசர் சிரிக்கவில்லை. பதினொன்று என்று நோட்டில் எழுதிக்கொண்டார்.

தாண்டவராயன் துணியைப் பிரித்தான். ஆபீசர் அந்தக் கொக்கியை வாங்கி வளைவை அளந்தார், தடிமனை அளந்தார், சின்னத் தராசில் எடை போட்டார். இவ்வளவு காலம் உழைக்க என்ன காரணம் என்று கேட்டதும் இவன் முக்கால் மணி நேரம் பேசினான். வெள்ளிக்கிழமை எண்ணெய் விட வேண்டும், முனை வடக்குப் பார்க்க வைக்கக் கூடாது, மூட்டையிடம் கோபமாகப் போகக் கூடாது. அத்தனையும் நோட்டில் ஏறியது. மூட்டை எத்தனை தூக்குவாய் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. கடைசியில் கொக்கியைத் தோளில் மாட்டி நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார்கள். கொக்கியை மாதிரிக்கு என்று வாங்கிக்கொண்டு போனார்கள். அடுத்த மாதம் விக்கிரவாண்டியில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போன தாண்டவராயன், காது குத்துகிற ஆசாரிக்கும் இரும்பைப் பற்றிச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தான்.

ஆடிக் கடைசியில் மரப்பெட்டி ஒன்று வந்து இறங்கியது. உள்ளே நாற்பது கொக்கிகள், பளபளவென்று, எல்லாம் தாண்டவராயனுடைய கொக்கியின் அச்சு. பழையவற்றை ஒப்படைத்துவிட்டு இனி இவற்றால்தான் வேலை செய்ய வேண்டும் என்று உத்தரவு. கெங்கம்மாள் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தாள். குழம்புக் கரண்டி கனம்தான் இருந்தது. மேஸ்திரியிடம் சொன்னால், மெட்ராஸில் படித்தவர்களுக்குத் தெரியாதது உனக்குத் தெரிந்துவிட்டதோ என்றார். கொளஞ்சி முகம் செத்துப்போய் நின்றான். "நான் கிண்டலுக்குச் சொன்னேன்க்கா. அந்த ஆளு எழுதிக்கினாரு" என்றான்.

மறுநாள் காலையிலேயே அவள் அக்கா வீட்டுக்குப் போனாள். தாண்டவராயன் கேப்பைக் கூழ் குடித்துக்கொண்டிருந்தான்.

"மாமா, அந்தக் கொக்கியில நீங்க ஒரு மூட்டையும் தூக்குனதில்லன்னு அந்த ஆபீசருக்கு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நம்ம கொளஞ்சி அத்தப் புடிச்சிக்கினுதான் மேலடுக்குல நிக்கப் போறான்."

அவன் கூழை மிச்சம் வைக்காமல் குடித்து முடித்தான். தொட்டுக்கொள்ள வைத்திருந்த மோர்மிளகாயையும் கடித்தான். பிறகுதான் பேசினான்.

"காயிதத்துல என் பேரு ஏறிடுச்சி கெங்கா. போட்டோவும் ஏறிடுச்சி. இப்பப் போயி நான் மூட்டையே தூக்கலன்னு சொல்லட்டுமா? என் மானம் இன்னாத்துக்கு ஆவறது?"

வெள்ளையம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அங்கே விழப்போகிறவன் அவளுக்கும் உடன்பிறந்தவன்தான். "இன்னும் கொஞ்சம் தடியா அடிச்சாத் தேவலன்னாவது சொல்லுங்களேன்" என்று மெல்லச் சொன்னாள். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டான்.

ஆவணி முதல் வாரம் கோதுமை வேகன் வந்தது. கெங்கம்மாள் பிளாட்பாரத்தில் கோணி தைத்துக்கொண்டிருந்தாள். மேலே கொளஞ்சி மூட்டைக் காதில் கொக்கியை மாட்டி, எப்போதும் போல உடம்பைப் பின்னால் சாய்த்து இழுத்தான். இரும்பு முறிந்திருந்தால் சத்தமாவது கேட்டிருக்கும். அது முறியவில்லை, சும்மா விரிந்து கொடுத்தது. பிடிக்க ஒன்றும் இல்லாமல் கொளஞ்சி மல்லாக்கக் கதவு வழியாக வந்து விழுந்தான். இழுபட்ட மூட்டை அவன் பின்னாலேயே வந்து வலது தோளில் விழுந்தது. பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். உயிர் தப்பியது. தோள் தப்பவில்லை.

பத்தாம் நாள் ஆபீசர் விசாரிக்க வந்தார். தாண்டவராயன் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு முன்னால் போய் நின்றான். அவனுடைய பழைய கொக்கியை ஆபீசர் திருப்பிக் கொண்டுவந்திருந்தார்.

"கொக்கி மேல குத்தம் இல்ல சார். பையனுக்குக் கையாளத் தெரியல. எல்லாம் ஜல்தி. என்னுது பாருங்க, பதினோரு வருசம்."

ஆபீசர் தலையை ஆட்டினார். பேனா நோட்டின் மேல் இறங்கியது. கெங்கம்மாள் கோணி ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். கையில் சணல் நூல் சுற்றியபடியே இருந்தது.

"சார், எங்க மாமாவ அவுரு கொக்கியாலயே ஒரு மூட்டை இழுத்துக் காட்டச் சொல்லுங்க. நாங்களும் பாத்துக் கத்துக்கறோம்."

வேகன் வாசலில் மூன்று மூட்டை உயரத்தில் ஒரு சின்ன அடுக்கு இருந்தது. தாண்டவராயன் மேஸ்திரியைப் பார்த்தான். மேஸ்திரி தண்டவாளத்தைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனான். மூட்டையின் காதைத் தேடியே கொஞ்ச நேரம் ஆனது. மாட்டினான். கண்ணை இறுக்கிக்கொண்டு இழுத்தான்.

மூட்டை அசையவில்லை. பதினோரு வருஷத்துக் கொக்கி முருங்கைக்காய் மாதிரி நேராகி அவன் கையோடு வந்துவிட்டது.

அவன் கொஞ்சமும் கலங்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும். "இந்த மூட்டை வெயிட்டு ஜாஸ்தி சார், போட்டுப் பாருங்க" என்றான். ஆபீசரும் போட்டுப் பார்க்கச் சொன்னார். நூறு கிலோவுக்கு முக்கால் கிலோ குறைவாக இருந்தது. ஆபீசர் நோட்டை மூடினார். நேரான இரும்பைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

அந்த வாரமே மரப்பெட்டியைத் திரும்ப எடுத்துப் போனார்கள். உத்தரவு எதுவும் வரவில்லை. ஆட்கள் ஒப்படைத்த குவியலில் அவரவர் பழைய கொக்கியைத் தேடி எடுத்துக்கொண்டார்கள். கழுத்தில் ஒரு இரும்பு வளையம் இறக்கி அடித்தால் இன்னும் நாள் தாங்கும் என்று சவுரிராயன் செய்து கொடுத்தார். தாங்கவும் செய்கிறது. அவரை யாரும் போட்டோ எடுக்கவில்லை. கொளஞ்சியின் வலது கை தோளுக்கு மேலே எழும்புவதில்லை. பஸ் ஸ்டாண்டில் மல்லாட்டை வறுத்து விற்கிறான்.

ஆனால் அந்த நோட்டில் எழுதியதெல்லாம் அதற்குள் ஆபீசில் புத்தகமாக அச்சாகிவிட்டது. அதில் கொக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கிற தாண்டவராயன் இருக்கிறான். அச்சான புத்தகத்தை அவர்கள் என்ன செய்வார்கள்? புத்தகத்தில் இருக்கிறவனுக்குத் தகுந்த மாதிரி ஒரு வேலை பார்த்துக் கொடுத்துவிட்டார்கள்.

இப்போது, எண்பத்தேழில், தாண்டவராயன் திண்டிவனத்தில் ஒரு கோடவுனில் இருக்கிறான். புதிதாகச் சேருகிற ஆட்களுக்குக் கொக்கி பிடிக்கிற முறையைச் சொல்லிக்கொடுக்கிறான். மூட்டை வைத்துக்கொள்வதில்லை. காற்றில் மாட்டி, காற்றில் இழுத்துக் காட்டுகிறான்.