இருநூறு கிராம் வித்தியாசம்

"கையை உள்ள விடுங்க. நான் சொல்ற வரைக்கும் எடுக்கக் கூடாது."

வாளி நிறைய ஐஸ் தண்ணீர். இந்தக் கடையில் மழைக்கோட்டு வாங்க வருகிறவர்கள் மணிக்கட்டு வரை அதில் முக்கிக்கொண்டு இரண்டு நிமிடம் நின்றாக வேண்டும். பிறகு மரத்துப்போன விரல்களால் கோட்டின் ஜிப்பை மேலே இழுத்துக் காட்ட வேண்டும். எனக்கு முடியவில்லை. "கடையிலயே இந்த லட்சணம். உச்சியில காத்து அடிக்கும்போது என்ன பண்ணுவீங்க?" என்றபடி கடைக்காரர் ஜிப்பின் முனையில் கயிற்றுத் துண்டு ஒன்றைக் கோத்து முடிச்சுப் போட்டார். அதைப் பிடித்து இழுக்க முடிந்தது.

மலைப்பாதையில் ஓடுகிறவர்களுக்கான கடை அது. அவருக்குப் பட்டப்பெயர் 'கிராம்'. அவரும் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் வைத்த பெயர். பையில் தொங்கும் உபரி வார்களை வெட்டுவாராம், பல் தேய்க்கும் பிரஷ்ஷின் காம்பைப் பாதியாக நறுக்குவாராம், கழுத்துப் பட்டையில் தைத்த துணிச்சீட்டைக்கூடப் பிய்த்துப்போட்டு மறுபடி எடை பார்ப்பாராம். அந்தத் தராசு இன்னும் மேசை மேல் இருக்கிறது. எதை விற்றாலும் ஒருமுறை அதில் வைத்து எடுத்தால்தான் அவருக்கு ஆகும். பழக்க தோஷம்.

வாயில் தேன் ஒழுகாது. நிறத்தில் மயங்கி ஒரு ஷூவை எடுத்த என்னிடம், "முன்னால விரல் இடிக்குதுல்ல? இறக்கத்துல நகம் கழண்டுரும். அப்புறம் இந்த நீலக் கலரை வச்சு நாக்கு வழிங்க" என்றார். ஷூவைத் திரும்ப வைத்துவிட்டேன்.

முடிச்சை இறுக்கிக்கொண்டே, கேட்காமலே சொன்னார். எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பந்தயம். தம்பியும் கூட ஓடினார். கிளம்பும்போது தம்பியின் பையிலிருந்து முந்நூற்றுப் பத்து கிராம் மழைக்கோட்டை எடுத்து வெளியே போட்டுவிட்டு, நூற்றுப் பத்து கிராமில் காற்றை மட்டும் தடுக்கும் மெல்லிய கோட்டைத் திணித்தது இவர்தான். "வானம் சுத்தமா இருக்கு, இருநூறு கிராம் எதுக்குடா வெட்டியாச் சுமக்குறேன்னு நான்தான் சொன்னேன்." மதியம் உச்சியில் ஆலங்கட்டி மழை பிடித்துக்கொண்டது. தம்பி பிழைத்தார். குளிரில் விறைத்துப்போன அவருடைய வலது கையில் நான்கு விரல்கள் பிழைக்கவில்லை. அன்றோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது.

இதைச் சொல்லி முடிக்கவில்லை, ஒரு பெண் உள்ளே வந்தாள். அவர் எழுந்த அவசரத்தில் முக்காலி சாய்ந்தது.

"வாம்மா. அப்பா எப்படி இருக்காரு?"

"இருக்காரு பெரியப்பா. ஞாயித்துக்கிழமை மலையில ஓடுறேன். கோட்டு வேணும்."

அதே மலை. ஞாயிற்றுக்கிழமை மழை என்று வானிலை அறிக்கை சொல்லியிருந்தது. அவர் கை தடித்த கோட்டை எடுக்கப் போனது.

"ஊர்ல வேற கடை இல்ல, அதான் வந்தேன். அப்பா ஒண்ணு சொல்லி அனுப்பினாரு. பெரியப்பா எதை எடுத்துக் கொடுக்குறாரோ, அதை மட்டும் வாங்கிடாதேன்னு."

கை அப்படியே நின்றது. ஒரு மூச்சு நேரம் இருக்கும். பிறகு நகர்ந்து மெல்லிய கோட்டை எடுத்து அவள் முன் விரித்தது.

"இதை எடுத்துக்க. மழையெல்லாம் வராது. இருநூறு கிராம் மிச்சம்."

அவள் முகம் கறுத்துவிட்டது. "அப்பா கையைப் பாத்த பிறகுமா இப்படிச் சொல்றீங்க? நீங்க திருந்தவே மாட்டீங்களா?"

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் அடங்கிப்போனேன்.

அவளே தடித்த கோட்டை உருவி மேசையில் போட்டாள். "இதைக் கொடுங்க. அப்பாகிட்ட சொல்றேன்."

"சொல்லும்மா" என்றார்.

ஜிப்பில் கயிற்றைக் கோத்து இரண்டு முடிச்சுப் போட்டார். கோட்டை மடித்து, பழக்க தோஷத்தில் தராசின் மேல் வைத்தார். எண் எரிந்ததும் அவள் பார்ப்பதற்குள் அதை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.