அடையாள அட்டை பிடித்த பெருவிரல்

பதினான்கு மாதம் என் வலது பெருவிரல் என் சொல் கேட்கவில்லை. போத்தல் மூடி திறக்க முடியாது. சேலைக்கு ஊசி குத்த முடியாது. கொழும்பில் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில், ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் நான் தட்டெழுத்தாளர். இந்த யுத்த நாட்களில், பிடிபட்ட பிள்ளைகளுக்காகத் தாய்மார் கொண்டுவரும் மனுக்களை அடிக்கிறேன். பத்தொன்பது வருடத்தில் ஒரு மனுகூட என்னால் பிந்தியதில்லை. அந்த வேலை கைவிட்டுப் போகப் பார்த்தது.

டயறியில் தினமும் வலிக்குப் பத்துக்கு இத்தனை என்று புள்ளி போட்டேன். வைத்தியர் மூட்டுத் தேய்வு, வாதம், தசைநாண் வீக்கம் என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டார். இரத்தத்தில் வாதம் இல்லை. எக்ஸ்ரேயில் சிறு தேய்வு. "இவ்வளவு வலிக்கு அது காணாதே," என்றார். எல்லாரும் தட்டெழுத்துப் பொறியைத்தான் குற்றம் சொன்னார்கள். என் கணவர் மட்டும், "டயறிக்கு லீவு குடும், விரல் தானாச் சுகமாகும்," என்றார்.

மாசி மாதம், வேலையை விடும் கடிதத்தை அடித்துக் கைப்பையில் வைத்தேன். செவ்வாய்தோறும் கொட்டாஞ்சேனைக் கோயிலுக்கு, ஒன்பது கிழமை செபிக்கும் நவநாளுக்குப் போனேன். "ஆண்டவரே, சுகம் தராவிட்டாலும் காரணத்தையாவது காட்டும்," என்று அழுதேன்.

ஒன்பதாம் செவ்வாய்க்கு மறுநாள், காலை ஏழு ஐம்பது. வெள்ளவத்தையிலிருந்து போன பஸ்ஸைச் சோதனைச்சாவடியில் மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். சிப்பாய் என் அடையாள அட்டையை இழுத்தான். வரவில்லை. மறுபடி இழுத்தான்.

"அக்கே, அத்த அரின்ன."

சிங்களத்தில் கையை விடச் சொல்கிறான். நான் விட்டுவிட்டதாகவே நினைத்துக்கொண்டு நின்றேன். வரிசையில் பின்னால் நின்ற ஒரு மாமி, "பிள்ளை, அட்டையை விடும். உம்மையும் சேர்த்தெல்லோ இழுக்கிறான்," என்றார். வரிசையே சிரித்தது. குனிந்து பார்த்தேன். அட்டையை அழுத்திய அழுத்தில் பெருவிரல் நகம் வெளுத்திருந்தது.

வலி தொடங்கக் கொஞ்சம் முன்பு ஒருநாள் அட்டையை எடுக்கச் சுணங்கியதால் மூன்று மணித்தியாலம் தெருவோரம் நிறுத்தி வைத்தார்கள். அன்றுமுதல் வீட்டுப் படியிலிருந்து கந்தோர்ப் படிவரை, அட்டையும், கொழும்பில் தங்கப் பொலிஸில் பதிந்த துண்டும் என் விரலிடுக்கில். மாலையிலும் அப்படியே.

கந்தோரில் டயறியைப் புரட்டினேன். நீதிமன்ற விடுமுறையில் வீட்டிலிருந்து நாள் முழுக்கத் தட்டச்சு செய்த நாட்களில் வலி இரண்டு. பஸ் ஏறிய நாட்களில் ஏழு, எட்டு. எல்லாம் என் கையெழுத்து. எழுதினேனே தவிர, வாசிக்கவில்லை.

வைத்தியரிடம் சொன்னேன். "இப்பிடி இறுக்கிப் பிடிச்சால் தசைநாண் வீங்காமல் என்ன செய்யும்?" என்று விரலுக்குப் பட்டி போட்டார். அட்டை இப்போது என் கழுத்தில், சிலுவைக்குப் பக்கத்தில். பட்டி போட்ட பத்தாம் கிழமை டயறியில் பூச்சியம் எழுதினேன். கடிதத்தைக் கிழித்தேன். ஒரு மனுவும் பிந்தவில்லை.

பெருமையோடு சொல்கிறேன்: என் ஆண்டவர் காரணத்தை ஒரு சிப்பாயின் வாயில் வைத்தார், மருந்தை வைத்தியரின் கையில் வைத்தார். சாவடியில் எனக்கு இன்னும் பயம் வரும். ஆனால் அட்டையை நம்பியதைவிட அவரை நம்பப் பழகிவிட்டேன். உங்களுக்கும் காரணம் தெரியாத நோ இருந்தால் வைத்தியரிடம் போங்கள், ஆண்டவரிடமும் கேளுங்கள். காட்டுவார்.

நேற்று ஊறுகாய்ப் போத்தலை நானே திறந்தேன். கணவர் டயறியைக் கொண்டுவந்து நீட்டினார்.

"இதையும் எழுதும்."

எழுதினேன்.