நினைவு மலருக்கு முரண்டு பிடித்த கணினி

கணினி ஆறு விநாடி உறுமும், ஒரு தரம் கீச்சிடும், அணைந்துவிடும். காலை எட்டு மணியிலிருந்து இதே கூத்து. பிற்பகல் நான்கு மணிக்குள் நினைவு மலரை அச்சகத்துக்கு அனுப்பாவிட்டால் சனிக்கிழமைத் திருப்பலிக்கு வெறுங்கையோடுதான் போகவேண்டும்.

என் கணவரின் அண்ணன் யாழ்ப்பாணத்தில் இறந்து மாதமாகப் போகிறது. விடுப்புக் கிடைக்காமல் இவர் போகவில்லை. அதனால் முப்பத்தொன்றாம் நாள் திருப்பலியை மொன்றியலில் எங்கள் பங்குக் கோயிலிலேயே ஒப்புக்கொடுத்து, வருகிறவர்களுக்கு ஒரு மலரும் கொடுப்பதென்று முடிவானது. படங்கள், செபங்கள், அண்ணனின் பிள்ளைகளான எங்கள் பெறாமக்களின் கவிதைகள் எல்லாம் என் மடிக்கணினியில் தயார். இவர் எழுதும் பக்கம் ஒன்றுதான் பாக்கி. மூன்று கிழமையாக, வேலையால் வந்ததும் அந்தப் பழைய கணினிக்கு முன்னால் போய் இருந்துவிடுவார்.

ஒரு பிரதி எடுத்து வைக்கச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. மடிக்கணினியில் தமிழ் அடிக்க இவருக்குக் கை வராதாம். பன்னிரண்டு வருடப் பெட்டியைக் கட்டி அழுகிற மனிதரிடம் என்னத்தைச் சொல்ல?

வயரைப் பிடுங்கிச் செருகினேன். வேறு பிளக்கில் மாற்றினேன். திரையைத் தட்டினேன், திரை என்ன பாவம் செய்தது? இவரோ தேநீர்க் கோப்பையோடு பக்கத்தில் நின்று, அதுக்கும் வயது போய்விட்டது, கொஞ்சம் ஆறவிடும் என்றார். அந்த நிதானம்தான் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

நகரின் அடுத்த கோடியில், கர்க்லாண்டில் இருக்கும் என் தம்பிக்குக் கணினி திருத்துவதுதான் தொழில். வீடியோவில் அழைத்தேன். பக்கத் தகட்டைக் கழற்றச் சொன்னான். பெட்டியின் மேலிருந்த அண்ணனின் படத்தையும் மெழுகுதிரியையும் முதலில் இறக்கினேன். பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் சின்ன வீட்டில் படம் வைக்க வேறு இடம் இல்லை. சாவுச் செய்தி வந்த அன்றே நான்தான் அங்கே வைத்து, நாள் தவறாமல் கொளுத்தி வந்தேன்.

தகடு கழன்றது. மேலே காற்றுப் போகிற ஓட்டைகளால் மெழுகு இறங்கி, விசிறியை வெள்ளையாக மூடி உறைந்து கிடந்தது. விசிறி சுற்றாவிட்டால் கணினி தானாகவே அணைந்துகொள்ளும் என்று தம்பி சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினான். காலையிலிருந்து இவரைத் திட்டிய திட்டெல்லாம் என் தலையிலேயே வந்து விழுந்தது. இவரோ அந்த மெழுகுதிரியை எடுத்து எட்டத் தள்ளி வைத்தார். அது இன்னும் எரிச்சல்.

வெண்ணெய் பூசும் கத்தியால் சுரண்டினேன். பல்லுக் குத்தும் குச்சியால் கிண்டினேன். மூன்று மணிக்கு விசிறி சுற்றியது, திரையில் வெளிச்சம் வந்தது. இவர் எழுதிய கோப்பைத் தேடித் திறந்தேன்.

'என் அண்ணை' என்று மேலே தடித்த எழுத்தில் இருந்தது. அதன் கீழே ஒன்றுமே இல்லை.

மூன்று கிழமை! நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கத்தான் திரும்பினேன். இவர் கதிரையில் குந்தி, ஆறிப்போன தேநீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருந்து இருந்து பாக்கிறன், ஒண்டும் வருகுதில்லை," என்றார். "கடைசியா அண்ணை போன் எடுத்தபோது நான் வேலையிலை நிண்டனான். பேந்து எடுக்கிறன் அண்ணை எண்டு வச்சிட்டன். பேந்து எடுக்கேல்லை."

மணி மூன்றேகால். விசைப்பலகையை என் பக்கம் இழுத்தேன்.

"அதையே சொல்லுங்கோ," என்றேன். "நான் அடிக்கிறன்."