இரண்டாவது ஆல்பத்தின் வலது கால்

மரக்காணத்தில் திண்டிவனம் ரோட்டில் நான் கேசட் கடை வைத்திருந்த காலத்தில், பாண்டிச்சேரியில் ‘ஷட்டர்’ என்று ஒரு ராக் பேண்ட் இருந்தது. பூட்டிக் கிடந்த ஒரு கடையின் ஷட்டருக்குப் பின்னால் ரிகர்சல் பார்த்ததால் அந்தப் பெயர். டிவியில் அவர்களைக் காட்டியதில்லை, பேப்பரில் எழுதியதில்லை, பாண்டிச்சேரியிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. 2004 பொங்கலுக்கு வந்த அவர்களுடைய முதல் ஆல்பம் ‘தகரம்’ என் கடை ஸ்பீக்கரில் ஓடி ஓடித் தேய்ந்தது. அவர்களுக்கு ரசிகர் மன்றம் வைத்தது உலகத்திலேயே நாங்கள் பதினோரு பேர்தான். அரசப்பன் ஆகிய நான் செயலாளர். சுனாமி வந்து எக்கியார்குப்பத்தில் பிணம் எடுத்துக்கொண்டிருந்த வாரம்கூட எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நடந்தது. அப்படிப்பட்ட ஆட்கள் நாங்கள்.

பதினோராவது ஆள் மண்ணாங்கட்டி. அவருக்கு முன்னால் பிறந்த இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை என்று, மூன்றாவதையாவது எமன் சீந்தாமல் இருக்கட்டும் என்று வைத்த பெயர். எங்களுக்கெல்லாம் பத்திருபது வயது மூத்தவர். நேரில் அண்ணே என்போம், முதுகுக்குப் பின்னால் அவன் இவன்தான். இப்போது அவர் என்று எழுதுகிறேன். வெட்கம் தாமதமாகத்தான் வருகிறது.

உப்பளத்தில் அவருக்குப் பாத்தி மிதிக்கிற வேலை. மழை முடிந்து, தை மாதம் தண்ணீரை வடித்துவிட்டு, பாத்தியின் களிமண்ணைப் பத்துப் பேர் வரிசையாக நின்று மிதித்து இறுக்குவார்கள். இறுகாத பாத்தியில் உப்போடு சேறும் வரும். அதனால் எல்லார் காலும் ஒரே நேரத்தில் விழ வேண்டும். முன்னால் நின்று அடி எடுத்துக் கொடுப்பவர் மண்ணாங்கட்டி. கண்ணை மூடிக்கொண்டு, வரிசையில் யார் கால் பிந்துகிறது என்று பேர் சொல்லித் திட்டுவார். இருபது வருஷமாக அந்த இடம் அவருடையது. அதற்காக அளத்தில் அவருக்கு ஒரு மரியாதை உண்டு. வேறு எதற்காகவும் யாரும் அவரை மதித்ததாகத் தெரியவில்லை.

அவர் எப்படி ராக் ரசிகர் ஆனார் என்றால், ஒரு நாள் டீ குடிக்க வந்தவர் என் ஸ்பீக்கருக்கு எதிரே நின்றுவிட்டார். கேசட் அட்டையில் இருந்த படத்தைக் காட்டி, பெரிய டிரம்மைக் காலால் மிதித்து அடிப்பார்கள் என்று சொன்னேன். அவர் முகம் மலர்ந்துபோனது. “காலாலயா அடிக்கிறான்?” என்று மூன்று முறை கேட்டார். அன்றிலிருந்து அவருக்குப் பாட்டு வரி வேண்டாம், கிட்டார் வேண்டாம், அந்த டிரம்மர் அருள்மொழியின் வலது கால் ஒன்றே போதும். ஒரு தடவைகூடப் பார்த்திராத ஆளை ‘நம்ம பையன்’ என்று சொல்லுவார். நாங்கள் சிரிப்போம்.

2005 ஆகஸ்டில் இரண்டாவது ஆல்பம் ‘பாதி வழி’ வந்தது. அந்த ஞாயிறு கடையின் பின்னறையில் கேட்டோம். எல்லாருக்கும் எரிச்சல். முதல் ஆல்பத்தில் இருந்த வெறி இல்லை. திண்டிவனத்தில் காலேஜ் படித்த சித்தார்த்தன், கிட்டார் தூங்குகிறது என்றான். அளத்தில் மேஸ்திரியாக இருந்த பாலகுரு, பாடுகிறவனுக்கு ஜலதோஷம் என்றான். ஆனால் பத்துப் பேரும் ஒத்துக்கொண்டது ஒன்றே ஒன்று: டிரம் கெட்டுப்போய்விட்டது. ஏழு பாட்டில் நான்கில் கால் அடி ஒரு மயிரிழை பிந்தி விழுகிறது. டிரம்மரை மாற்றச் சொல்லி மன்றத்தின் சார்பாகக் கடிதம் போட வேண்டும் என்று தீர்மானித்தோம். எழுத வேண்டியவன் நான்.

அப்போதுதான் மண்ணாங்கட்டி வாயைத் திறந்தார். ஆல்பத்தைத் திட்டாதீர்கள் என்றார். பையனுக்குத் தாளம் தப்பவில்லை, அவன் மனசுக்குச் சரியான நேரம் தெரிந்திருக்கிறது, கால்தான் அதைத் தாமதமாகக் கேட்கிறது என்றார்.

“கால் மரத்துக்கிட்டு வர்றவன் இப்டிதான் மிதிப்பான். நமக்குன்னா பரவால்ல, உப்புத்தண்ணியில நின்னு உரமேறிப் போற காலு. அவன் டவுன்காரன், அவனுக்கு ஏன் மரக்குது? டாக்டரைப் பாக்கச் சொல்லி ஒரு வரி எழுதுப்பா.”

உரமேறின கால் என்பது எங்கள் ஊர்ப் பேச்சு. அளத்தில் புதிதாக இறங்குகிறவனுக்குக் கால் வெடிப்பில் உப்பு ஏறி உயிர் போகும். வருஷம் ஆக ஆக எரிச்சல் குறையும். ஒரு நாள் சுத்தமாக எரியாமல் போய்விட்டால், கால் உரமேறிவிட்டது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். மண்ணாங்கட்டியும் அந்த வருஷம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குச் சர்க்கரை இருந்தது யாருக்கும் தெரியாது. அவருக்கும் தெரியாது.

எனக்கு நாக்கில் சனி. எழுதுகிறேன் அண்ணே, ஆனால் மிதித்துக் காட்டுங்கள், அப்போதுதான் மன்றம் நம்பும் என்றேன். எல்லாரும் கை தட்டினார்கள். அவர் அதைக் கேலி என்றே எடுத்துக்கொள்ளவில்லை. எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சிமெண்டுத் தரையில் மிதிக்கத் தொடங்கினார். ஆல்பத்தை ஓட விட்டேன். இடது கால் நேரத்துக்கு விழுந்தது. வலது கால் ஒவ்வொரு அடியிலும் பிந்தியது. அருள்மொழியின் காலும் அவருடைய காலும் ஒன்றாகப் பிந்தின, ஒரே அளவுக்கு. அவர் வேண்டுமென்றே நடிக்கிறார் என்று நினைத்து, சித்தார்த்தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நானும் சிரித்தேன். பாலகுரு மட்டும் சிரிக்கவில்லை. அவன் மேஸ்திரி, அவருடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கடிதத்தை அன்றைக்கே எழுதினேன். இரண்டு பக்கம். டிரம்மரைக் கிழி கிழி என்று கிழித்தேன். டாக்டர் வரியை எழுதவில்லை. எழுதினால் எங்களைப் பட்டிக்காட்டான் என்று நினைப்பார்கள் என்று தோன்றியது. மறுநாள் கடைக்கு வந்து கேட்ட மண்ணாங்கட்டியிடம், எழுதிவிட்டேன் என்றேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

டிசம்பரில் ஷட்டரிடமிருந்து பதில் வந்தது. கவரைப் பிரித்தபோது அத்தனை பெருமை. உங்களைப் போன்ற உண்மையான ரசிகர்கள் சொன்னதால் டிரம்மரை மாற்றிவிட்டோம் என்று எழுதியிருந்தார்கள். அடியில் இரண்டு வரி: அருள்மொழி தனக்குக் கால் மரத்துப்போவதாகச் சொன்னதை நாங்கள் சாக்கு என்றே நினைத்தோம், டாக்டரிடம் போன பிறகுதான் சர்க்கரை என்று தெரிந்தது, நல்லவேளையாகக் காலைக் காப்பாற்றிவிட்டார்கள்.

படித்ததும் எனக்கு மண்ணாங்கட்டியின் வலது கால்தான் ஞாபகம் வந்தது. சத்தியமாக வந்தது. போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் பத்துப் பேர் முன்னால் அவர் ஜெயித்தது ஆகிவிடும், நான் எழுதாததும் வெளியே வந்துவிடும். கடிதத்தைக் கல்லாவுக்கு அடியில் போட்டுவிட்டு, பதில் எதுவும் வரவில்லை என்று மன்றத்தில் சொன்னேன்.

தை பிறந்தது. பாத்தி மிதிக்கிற வரிசையில் முன்னால் பக்கிரி என்ற இன்னொருவனை நிறுத்தினான் பாலகுரு. மண்ணாங்கட்டி காரணம் கேட்டாராம். “ஒன் காலு லேட்டாவுது. கடையில நானே பாத்தேன்” என்று வரிசைக்கு முன்னாலேயே சொன்னான். அவரை வாய்க்காலில் சேறு அள்ளப் போட்டான். சேற்றில் யாரோ உடைத்துப் போட்ட பாட்டில். கண்ணாடித் துண்டு வலது பாதத்தில் ஏறி நாலு நாள் உள்ளேயே இருந்தது. அந்தக் காலோடு அவர் உப்புத்தண்ணீரில் நின்றிருக்கிறார், எரியவே இல்லை. வீட்டுத் தரையில் ரத்தமும் சீழுமாகத் தடம் இருப்பதை அவர் மனைவி பாப்பாத்திதான் முதலில் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

நான் போய்ப் பார்க்கவில்லை. ஜூலையில் மூன்றாவது ஆல்பம் வந்தது. மன்றத்தில் எல்லாருக்கும் பிடித்திருந்தது, டிரம் கடிகாரம் மாதிரி விழுகிறது என்றார்கள். அந்த வாரமே பாப்பாத்தி கடைக்கு வந்து, புது கேசட் வந்திருந்தால் எடுத்து வரச் சொன்னார் என்றாள். தட்ட முடியவில்லை. டேப் ரெக்கார்டரைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனேன்.

கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நன்றாக இளைத்திருந்தார். உட்காரச் சொன்னார். மன்றத்தில் யார் யார் சௌக்கியம் என்று விசாரித்தார், பாலகுருவைக்கூட. பிறகு, அந்தப் பையன் டாக்டரைப் பார்த்தானா என்று கேட்டார்.

“பாத்துட்டானாம்ணே. கால் சரியாயிடுச்சாம். கேளுங்க, டைமுக்கு அடிக்கிறான்.”

கேசட்டைப் போட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, மிச்சமிருந்த இடது காலால் தரையில் மெல்ல மிதித்தார். இரண்டாவது பாட்டு பாதியில் கால் நின்றது. அப்புறமும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு நிறுத்தச் சொன்னார்.

“இது அவன் காலு இல்ல. இது வேற யாரோ.”

நான் கேசட்டை வெளியே எடுத்து டப்பாவில் போட்டேன்.

“நீ எழுதல, இல்ல? எழுதியிருந்தா இன்னா ஏதுன்னு அவன் பதில் போட்டிருப்பான். மரத்துப்போனா இன்னா வியாதின்னு எனக்கும் தெரிஞ்சிருக்கும்.”

“எழுதினேன்ணே” என்றேன். “பதில்தான் வரல.”

அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். வரிசையில் பிந்துகிற ஆளைக் கண்டுபிடித்துவிட்டவர்போல, நிதானமாகப் பார்த்தார். திட்டவில்லை. பாப்பாத்தியைக் கூப்பிட்டு, தம்பிக்கு டீ போடச் சொன்னார். நான் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.