ஸ்டார் கட்டாத வீட்டிலிருந்து வட்டக்கோட்டைக்கு

2012 டிசம்பரில் ஒரு வாரம் லீவு போட்டுப் புனேயிலிருந்து ஊருக்கு வந்திருந்தேன். அப்பா ஜூனில் தவறிப்போனார். அதற்குப் பிறகு அம்மா மாதா கோயிலுக்குப் போவதோடு சரி. மீன் விற்கப் போவதையும் விட்டுவிட்டாள். தெரு முழுக்கக் கிறிஸ்மஸ் ஸ்டார் தொங்க, துக்க வீடு என்பதால் எங்கள் வாசல் மட்டும் இருட்டு. இவளை இப்படியே விட்டுவிட்டு எப்படி ரயிலேறுவது?

“வட்டக்கோட்டைக்குப் போவோம், வாம்மா” என்றேன்.

“ஒனக்கென்ன பிராந்தாட்டி? இன்னும் வருசம் திரும்பல்ல. அதுக்குள்ள ஊரு சுத்தவா?”

“சுத்த இல்ல. எனக்க வேல என்னன்னு காட்ட.”

மகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று அக்கம்பக்கத்தில் சொல்லத் தெரியாத வருத்தம் அவளுக்கு உண்டு. முணுமுணுத்துக்கொண்டே சேலை மாற்றினாள்.

கன்னியாகுமரியிலிருந்து இந்தக் கடலோரக் கோட்டை ஏழு கிலோமீட்டர்தான். எங்கள் ஊரிலிருந்து போகவர, காத்திருக்க எல்லாம் சேர்த்து ஆட்டோவுக்கு அறுநூறு. “சாயங்காலம் கோட்டைய அடச்சிருவாங்க, பாத்துக்கிடுங்க” என்றார் டிரைவர் அண்ணன். நான் கேட்டால்தானே! ஆறு மணிக்குப் போய் நின்றால் கேட்டில் பூட்டு. சரி, வானத்துக்கு எவன் பூட்டுப் போட்டான்? வெளியே மணலில் உட்கார்ந்தோம்.

இருட்டியதும் பையிலிருந்த பைனாகுலரை எடுத்துக் கொடுத்தேன். கிழக்கே ரோகிணி நட்சத்திரத்தைப் பார்த்த அம்மா, “நல்லா செவந்திருக்கே, இது புதுசா?” என்றாள். மீன்காரி அல்லவா! செவுள் சிவந்திருந்தால் புது மீன், வெளுத்திருந்தால் பழசு. நட்சத்திரத்தில் அது தலைகீழ் என்றேன். நீலமாக எரிவது இளசு, சீக்கிரம் எரிந்து தீரும். இப்படிச் சிவந்தது வயதானது. தூரத்து நட்சத்திரக் கூட்டங்களின் வெளிச்சத்தைப் பிரித்து, அதில் இளசு எவ்வளவு, கிழடு எவ்வளவு என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. ஆதிகாலத்துக் கூட்டங்கள் பைனாகுலருக்கு எட்டாது. அவை இளசுதான், ஆனாலும் வருகிற தூரத்தில் அவற்றின் வெளிச்சம் இழுபட்டுச் சிவந்துதான் நம்மிடம் வந்து சேரும்.

“அப்பம் நான் சொன்னதும் சரிதான்” என்று சிரித்தாள். அப்பா போனபிறகு அவள் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

“அந்த வெளிச்சம் பொறப்பட்டு எவ்வளவு காலமாச்சு மக்கா?”

“ஆயிரத்து முந்நூறு கோடி வருசத்துக்கிட்ட.”

“அங்க இருந்து இப்பம் நம்மளப் பாத்தா?”

எதற்குக் கேட்கிறாள் என்று புரிந்தது. பொய் சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது, வாய் வரவில்லை. “ஒண்ணும் தெரியாதும்மா. இப்பம் அங்க போய்ச் சேரியது இங்கயிருந்து அப்பமே பொறப்பட்ட வெளிச்சம். அவங்க பாக்கியதுல பூமியே இன்னும் உண்டாகியிருக்காது. சூரியனும் கிடையாது.”

அம்மா பைனாகுலரை மடியில் வைத்தாள். “அப்பம் அவங்களுக்கு ஒனக்க அப்பா இனிமேதான் பொறக்கணும், இல்லியா?”

“ஆமாம்மா.”

“எனக்க கல்யாணமும் இனிமேதான்” என்று சொல்லி மூக்கைத் துடைத்தாள். நான் அவள் தோளில் சாய்ந்துகொண்டேன்.

போகிறவர்களுக்கு: கோட்டைக்குள் பார்க்க வேண்டுமென்றால் நாலு மணிக்கே போய்விடுங்கள். நட்சத்திரத்துக்கு அமாவாசையை ஒட்டிய நாள் நல்லது. காற்று பலமாக அடிக்கும், தலைக்கு ஒரு துண்டு வேண்டும். வீட்டில் துக்கத்தோடு முடங்கிக் கிடப்பவர்கள் இருந்தால் கூட்டிப்போங்கள். வரமாட்டேன் என்பார்கள், விடாதீர்கள்.

நான் கிளம்பவேண்டிய அன்று காலை எழுந்தால் அம்மாவைக் காணோம். பதறியடித்துக் கடற்கரைக்கு ஓடினேன். மீன் ஏலக் கூட்டத்துக்கு நடுவே, இடுப்பில் சருவப் பாத்திரத்தோடு, சாளை மீனுக்கு விலை கேட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், “ரயிலு மத்தியானந்தானே? போய் ஒறங்குட்டி” என்று சொல்லிவிட்டு, மறுபடி ஏலக்காரரிடம் திரும்பிக்கொண்டாள்.