பாக்கியம் அண்ணி எடுத்த கோடைப் படங்கள்

பாக்கியம் அண்ணி போய்விட்டார் என்ற செய்தி எனக்கு மஸ்கட்டில், இரவுப் பணி முடிந்து அறைக்குத் திரும்பும் பேருந்தில் வந்தது. போனில் பேசத் தொடங்கிய என் கணவரால் முடிக்க முடியவில்லை. மகனிடம் கொடுத்துவிட்டார். "அம்மா, அத்தை பூவெடுக்கப் போன எடத்துலயே விழுந்திருச்சும்மா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ள..." என்றான். எல்லோரும் இறங்கிய பிறகும் நான் உட்கார்ந்தே இருந்திருக்கிறேன். டிரைவர் வந்து எழுப்பினார். ஊர் வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது.

கீரமங்கலம் பூச்சந்தைக்கு மல்லிகையும் கனகாம்பரமும் கொண்டுவருகிறவராகத்தான் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். எனக்கு அவர் கணவரின் அக்கா. நான் நர்ஸ் வேலைக்கு வெளிநாடு போனபோது முகிலனுக்கு ஏழு வயது, கனிக்கு மூன்று. இருவரையும் வளர்த்தவர் அண்ணி. பள்ளிக்கூடம் நடக்கும் மாதங்கள் எப்படியோ ஓடிவிடும். மே மாத விடுமுறைதான் என்னை வதைக்கும். பிள்ளைகள் பகலெல்லாம் வெளியில் கிடந்து, கறுத்து, சட்டென்று வளர்ந்துவிடும் காலம் அது. அதைப் படமெடுத்து அனுப்பும்படி அண்ணியைக் கேட்டுக்கொண்டேன்.

முதல் கோடையில் வந்த படங்களைப் பார்த்து அழுதேன். குளிப்பாட்டி, பவுடர் பூசி, தீபாவளிக்கு எடுத்த உடுப்பை மாட்டி, உச்சி வெயிலில் சுவரோரம் நிறுத்தி எடுத்திருந்தார். இரண்டும் கண்ணைச் சுருக்கி, கைகளைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு, யார் வீட்டுப் பிள்ளைகளோபோல நின்றன.

"அண்ணி, கொஞ்சம் சிரிக்கச் சொல்லி எடுங்க."

"சொன்னேன் செல்வி. பல்லத்தான் காட்டுதுக. சிரிப்பு எங்க வருது?" பிறகு அவரே, "ஒனக்கு என்னத்தப் பாக்கணும்? அதச் சொல்லு" என்றார்.

அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. கனியின் முழங்காலைப் பார்க்க வேண்டும், முகிலனுக்குப் பல் விழுந்த இடத்தைப் பார்க்க வேண்டும், சாப்பிடும்போது இன்னமும் காலை ஆட்டுகிறானா என்று பார்க்க வேண்டும். என்னென்னவோ உளறினேன். அண்ணி "ம்" கொட்டிக் கேட்டுக்கொண்டார்.

அதன் பிறகு படங்கள் மாறிவிட்டன. வெயில் தாழ்ந்ததும் தோட்டத்துப் பலாமரத்தடிக்குப் போய், முட்டிவலியோடு மண்ணில் உட்கார்ந்து எடுப்பார். "நின்னுக்கிட்டு எடுத்தா உச்சந்தலதான் விழுகுது. அதுக ஒசரத்துக்கு நாமதான் எறங்கணும்" என்பார். பம்புசெட்டுத் தண்ணீரில் முகம் கொடுத்து மூச்சு முட்டும் முகிலன். எறும்பு வரிசைக்கு முன்னால் குந்தியிருக்கும் கனியின் முதுகு. விரலில் ஒட்டிய பலாப்பாலை எண்ணெய் தொட்டு உரித்துக்கொண்டிருக்கும் நான்கு கைகள். எதிலும் பிள்ளைகள் என்னைப் பார்க்கவில்லை. ஆனால் அவர்களை என் பிள்ளைகள் என்று என்னால் சொல்ல முடிந்தது. "கூப்பிட்டா வேற புள்ளையாயிருது செல்வி. கூப்பிடாம இருந்தா நம்ம புள்ள" என்று ஒருமுறை சொன்னார்.

சைக்கிளிலிருந்து விழுந்து முகிலன் தாடையைக் கிழித்துக்கொண்ட கோடையில், நான் பதறுவேன் என்று என் கணவர் படம் அனுப்ப வேண்டாமென்று தடுத்திருக்கிறார். அண்ணி கேட்கவில்லை. காயத்தை அருகில் வைத்து எடுத்த படமும் அதன் பின்னாலேயே குரல் பதிவும் வந்தன. "தையல் போட்டாச்சு. ஐஸ் திங்கிறான். பெத்தவளுக்குத் தெரியாத காயம் புள்ள ஒடம்புல இருக்கக் கூடாது, அதான் அனுப்புனேன்." அன்று நான் அழுதேன். ஆனால் நிம்மதியாகத் தூங்கினேன்.

முதல் விடுப்பில் நான் வந்தபோது கனிக்கு ஐந்து வயது. போனில் என்னோடு ஓயாமல் பேசும் பிள்ளை, நேரில் கண்டதும் அண்ணியின் சேலைக்குள் ஒளிந்துகொண்டாள். பொம்மையைக் காட்டினேன், சாக்லேட்டைக் காட்டினேன். வரவில்லை. மூன்றாம் நாள் அடுப்படியில் நின்று விசும்பிக்கொண்டிருந்தேன். அண்ணி கையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தார்.

"அவளக் கூப்பிடாத. இங்கிட்டு வந்து ஒக்காந்து சொளைய எடு. வருவா."

மரத்தடியில் பழத்தைப் பிளந்து போட்டுச் சுளை எடுத்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று அண்ணி கண்ணாலேயே அதட்டினார். பாதிப் பழம் முடிந்திருக்கும். முதுகில் ஒரு பாரம் சாய்ந்தது. தோளில் ஒரு தாடை வந்து உட்கார்ந்தது.

"எனக்கு?" என்றாள் கனி.

திரும்பாமலேயே ஒரு சுளையை நீட்டினேன். எதிரே மண்ணில் உட்கார்ந்திருந்த அண்ணி போனைத் தூக்கியதுகூட எனக்குத் தெரியாது. அந்தப் படத்தில் கனியின் வாய் நிறையப் பழம் இருக்கிறது. என் கண்கள் மூடியிருக்கின்றன.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மாலையில் அண்ணியின் போனை என் கணவர் என்னிடம் கொடுத்தார். படங்களுக்கு நடுவே, தவறான பொத்தானை அழுத்தி எடுபட்ட வீடியோக்களும் கிடந்தன. பெரும்பாலும் செம்மண், அவருடைய செருப்பு, சேலை முந்தி. ஏதோ ஒரு கோடையில் எடுபட்ட ஒன்றில் மட்டும் பேச்சு இருந்தது.

"எதுக்கு அத்தை எப்பப் பாத்தாலும் படம் எடுக்குற?" என்கிறாள் கனி.

"ஒங்கம்மாவுக்குத்தான்டி. அவ அங்கிட்டு ஒத்தையில கெடக்குறா."

"நான் கூப்பிட்டா அம்மாவுக்குக் கேக்குமா?"

"கேக்கும். சத்தமாக் கூப்புடு."

பிள்ளை கத்துகிறது. அண்ணி சிரிக்கிறார். அதோடு முடிந்துவிடுகிறது.

அப்படி ஒன்று பதிவாகியிருந்ததே அண்ணிக்குத் தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் அன்றைக்கே அனுப்பியிருப்பார். அந்தக் கோடையில் எனக்குக் கேட்காமல் போன குரலை, அண்ணியின் சிரிப்போடு சேர்த்து, இப்போது நான் வைத்திருக்கிறேன்.